கடைசியாகப் போகிறவர்

எந்த இடத்திலிருந்தும் அவர் கடைசியாகத்தான் போவார். கல்யாண வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடக்கி லோரியில் ஏற்றி முடிக்கும்வரை ஓரமாக நின்றுகொண்டிருப்பார். ஒத்தாசைக்கு நிற்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒத்தாசையும் செய்வார். ஆனால் நிற்பது அதற்காக இல்லை. வந்தவர்கள் எல்லாரும் நல்லபடியாகக் கிளம்பிவிட்டார்களா என்று பார்க்காமல் அவருக்குக் கால் நகராது. கோயில் திருவிழா அன்னதானத்தில் அண்ணனுக்குச் சோறு மிஞ்சியதே கிடையாது என்று அவருடைய தங்கை அலுத்துக்கொள்வாள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயருக்கு நான் செய்தது ஏற்கெனவே போதும்.

மலைமேல் ரிங்லெட்டில் நான்கு அறைகள் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கணவர் போன பிறகு எனக்குச் சோறு போடுவது அந்த நான்கு அறைகள்தான். வருகிறவர்கள் டேம் ஏரியைப் பார்க்க வருவார்கள். ஏரி என்றதும் நீலத் தண்ணீரை எதிர்பார்த்து வந்து, கரையில் நின்று முகம் சுளிப்பார்கள். மேலே காய்கறிப் பயிருக்காக வெட்டிய மலைகளின் மண்ணெல்லாம் மழையோடு இறங்கி, எங்கள் ஏரி பால் ஊற்றிய தேநீர் நிறத்தில்தான் கிடக்கும். ஆனாலும் படகு ஓட்டுவார்கள், தூண்டில் போடுவார்கள், படம் எடுத்துப் போனில் போடுவார்கள். கால் வலுவுள்ளவர்கள் மலைப்பாதையில் ஏறுவார்கள். கரையில் தொடங்கும் அந்தப் பாதை தேயிலை ஓரமாகவே கொஞ்ச தூரம் போய், பிறகு காட்டுக்குள் நுழைந்துவிடும். பாசி போர்த்திய மரங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் ஏறினால் ஒரு பாறை வரும். அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுசாகத் தெரியும், மூடுபனி விட்டால். பெரும்பாலும் விடாது.

அந்தப் பாதையின் வாசலில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அவர் அங்கே காவல். காலையில் சங்கிலியை அவிழ்ப்பது, மாலையில் கட்டிப் பூட்டுவது, அவ்வளவுதான் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. குச்சிகள் அவராகச் சேர்த்துக்கொண்டது.

பன்னிரண்டு மூங்கில் குச்சிகள். தலையில் சிவப்புப் பெயின்ட், அதன் கீழே சூட்டுக்கோலால் சுட்ட எண். மேலே போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு குச்சியைக் கொடுத்துத்தான் விடுவார். வேண்டாம் என்றால் பாதை கிடையாது. பதின்மூன்றாவதாக வந்த ஆள், முன்னே போனவர்களில் யாராவது இறங்கி வரும்வரை கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கி வருகிறவர்கள் குச்சியை அங்கிருந்த மரச்சட்டத்தில் செருகிவிட்டுப் போக வேண்டும். பன்னிரண்டு துளைகளும் நிறைந்தால் சங்கிலி. ஒன்று காலியாக இருந்தால் மழையாவது இடியாவது, அந்தப் பச்சைக் கம்பளித் தொப்பியோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாதையையே பார்த்தபடி நிற்பார்.

தலையை எண்ணினால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். ஆட்களை நம்ப முடியாதாம். ஒருவர் கக்கூசுக்குப் போயிருப்பார், ஒருவர் வேனில் ஏறிப் படுத்திருப்பார், கேட்டால் எல்லாரும் வந்தாச்சு என்று யாராவது ஒருவர் கத்துவார். குச்சி அப்படியெல்லாம் பேசாது என்றார். இந்த வழக்கம் அவருக்கு அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அந்தக் காலத்தில் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் நிறுவை முடிந்ததும் கூடையை அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டு வரிசைக்கு, லயத்துக்குப் போவார்களாம். மூடுபனி இறங்கிவிட்டால் கங்காணி ஆளைத் தேட மாட்டார், ஆணியைத்தான் பார்ப்பார். கூடை இல்லாத ஆணி இருந்தால் மலையைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். ஒருநாள் அவருடைய அம்மாவின் ஆணிதான் காலியாக இருந்தது. லயத்து ஜனம் மொத்தமும் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அந்த அம்மாள் கூடையோடு வந்து சேர்ந்தாளாம். அன்றைக்கு ஒருத்தர்கூட வீட்டுக்குப் போகவில்லை என்பதை விடாமல் சேர்த்துச் சொல்வார்.

இன்னொன்றும் சொல்வார். பாதை ஏறுகிற எல்லாருக்கும் சொல்லுவார், எங்களைப் போன்ற தோட்டத்துச் சனங்களுக்கு இரண்டு தடவை சொல்லுவார். வழி தப்பினால் கீழே இறங்காதே, நின்ற இடத்திலேயே நில்.

தேயிலைக்குள் வளர்ந்தவர்களுக்கு இது ஏறாது. தேயிலையில் எந்த நிரையைப் பிடித்து இறங்கினாலும் ரோடு வரும், ரோட்டைப் பிடித்தால் லயம் வரும். சின்னப் பிள்ளையிலிருந்து எங்கள் காலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், பனி மூடினால் இறங்கு. காட்டில் இறங்கினால் ரோடு வராது. பள்ளம் வரும், ஓடை வரும், ஏற முடியாத பாறை வரும்.

"டவுன்காரன் பயந்துபோய் அங்கேயே குந்திருவான், தங்கச்சி. அவனத் தேடிப் புடிச்சிரலாம்," என்பார். "தோட்டத்துக்காரந்தான் எறங்குவான். அவனத்தான் நான் பாக்கணும்."

கேலி செய்யாதவர்கள் கிடையாது. நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வந்த புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, மூன்றாம் நம்பர் குச்சியை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காரில் போட்டுக்கொண்டு போய்விட்டது. என் வீட்டில் தங்கியவர்கள். அவர் என்னிடம் வந்து நின்றார், நான் போன் செய்தேன். அவர்கள் மலையடிவாரத்தில் தாப்பாவில் இறங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே, இருக்கிறார்களாம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தனை வளைவுகளையும் இறங்கித் தாப்பாவுக்கே போய்விட்டார். அந்தப் பையன் பயந்துபோய்க் குச்சியை நீட்டினானாம்.

"குச்சிய நீங்களே வச்சிக்குங்க," என்றாராம். "ரெண்டு பேரும் இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போக வந்தேன்."

திரும்பி வந்து சங்கிலியைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மறுவாரம் புதிதாக ஒரு மூன்றாம் நம்பர் வந்துவிட்டது. அந்தக் கதையை என் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். பயப்படாமல் ஏறுங்கள், அந்த ஆள் இருக்கும்வரை உங்களை மலையில் விட்டுவிட மாட்டார் என்பேன். என் ஹோம்ஸ்டேவுக்கு அவர் பெயர் ஒரு விளம்பரமாகவே இருந்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஒரு வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் கிள்ளானிலிருந்து ஒரு தேவாலயச் சபைக் கூட்டம் வந்து என் வீட்டில் தங்கியது. பதினோரு பேர். அவர்களில் ஒரு பெரியவர் இந்த மலையில் பிறந்தவர். பத்து வயதில் குடும்பத்தோடு இறங்கிப் போய், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பிறந்த லயத்தை இடித்து ரொம்ப நாளாகிறது. பாறையிலிருந்து பார்த்தால் லயம் இருந்த இடமாவது தெரியும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து மனுஷர் உட்காரவே இல்லை. எனக்குப் பாதை பழக்கம் என்பதால் நானே கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு குச்சி.

பெரியவருக்கு ஒன்பதாம் நம்பர் வந்தது. வாங்கும்போதே சிரித்தார். பாதி வழியில் அதை என் கையில் திணித்தார்.

"இத நீயே வச்சிக்கம்மா. பொறந்த மலையில எனக்கெதுக்குக் குச்சி?"

பெரிய மனுஷர், சந்தோஷமாக இருக்கிறார் என்று வாங்கிக்கொண்டேன். பாறையில் ஏறி உட்கார்ந்தவர் கீழே எதையோ காட்டிக் காட்டிப் பேசினார். அங்கேதான் தண்ணீர்க் குழாய், அங்கேதான் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா என்றார். எனக்குத் தேயிலை மட்டும்தான் தெரிந்தது. பனி ஏறத் தொடங்கியதும் கிளம்பலாம் என்றேன். நீங்கள் நடங்கள், பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன், எனக்கு வழி தெரியாதா என்றார். கடைசியாக வருகிற மூன்று பேரோடு சேர்ந்து வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

காட்டைத் தாண்டுவதற்குள் மழை கொட்டியது. ஓர் அம்மாளுக்குக் கால் வழுக்கிக்கொண்டே இருந்ததால் அவர் கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. இரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு அது முடியவில்லை. என் தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒன்றாகப் பிடித்துக்கொண்டேன். கீழே வந்ததும் கட்டோடு சட்டத்தின் பக்கம் சாய்த்துவிட்டு வேனுக்கு ஓடினேன். துளையில்கூடச் செருகவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரவர் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இரண்டு வேன்கள். பெரியவர் அந்த வேனில் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம், இந்த வேனில் இருக்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். கொட்டகைக்குள் காவல்காரர் சிவப்புத் தலைகளை எண்ணிவிட்டு எனக்குக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு தட்டு மிஞ்சியது.

மூன்றாம் நாள் காலையில், தேடப் போன காட்டுப் பூர்வகுடிகள், ஓராங் அஸ்லி ஆட்கள்தான் பெரியவரைக் கண்டுபிடித்தார்கள். பாறையிலிருந்து நேர்கீழே, ஓடைக்குள். பனி மூடியதும் பழைய கால் அவரை இறக்கிக்கொண்டு போயிருக்கிறது. அந்த இறக்கம் அவர் பிறந்த லயத்தின் பக்கம்தான் போகிறது.

அதற்கு முன்பே, காணாமல் போன மறுநாள் காலையில், கொட்டகையில் போலீஸ் விசாரித்தார்கள். இரவு முழுவதும் மலையில் தேடிவிட்டுக் காவல்காரர் சேறும் சகதியுமாக வந்து நின்றார். பன்னிரண்டு குச்சியும் இருந்தது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டத்தைப் பார்த்தேன். பன்னிரண்டும் துளைகளில் தனித்தனியாக நின்றன. மஞ்சள் துணியைக் காணவில்லை. மழையில் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததும் நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலுக்காக என்னை நான் மன்னித்ததில்லை.

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, பெரியவருடைய குச்சியை யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன். "மழையில யாரு வச்சாங்கன்னு கவனிக்கல."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது. நான்கு அறைகள் கண் முன்னால் வந்தன. கூட்டிக்கொண்டு போனவளே குச்சியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று தெரிந்தால் எந்தச் சபை என் வீட்டுக்கு வரும், நான் எங்கே போவேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அதே மாதிரிதான் பார்த்தார்.

உடலை இறக்கிய அன்று பெரியவரின் மகள் கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்தாள். தூறலில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் நின்றேன். அவள் கத்தவில்லை, அழக்கூட இல்லை.

"ஏன் அங்கிள் பூட்டிட்டுப் போனீங்க? எங்கப்பா மேல இருந்தாருல்ல?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு என்னோடதும்மா. ஆளப் பாக்கல. குச்சியப் பாத்துட்டேன்."

நான் வாயைத் திறந்திருக்கலாம். குடை என் கையில் இருந்தது, அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது, இரண்டு வார்த்தை போதும். என் குடைக்குள் நின்றுகொண்டே அவள் அவரை வெறுத்தாள். நான் குடையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தேன்.

அதற்குப் பிறகு ஊர் வாய் சும்மா இருக்குமா? குச்சி வந்துவிட்டதாம், ஆள்தான் வரவில்லையாம் என்று காப்பிக் கடைகளில் சிரித்தார்கள். எண்ணத் தெரியாதவனைக் காவலுக்கு வைத்தால் இப்படித்தான் என்றார்கள். யாருக்காகவும் காத்திருக்காத ஆட்கள்கூடச் சொன்னார்கள். வேலை போனது. குச்சிகளை அவரே எடுத்துக்கொண்டு போனார் என்றும், தங்கை வீட்டு அடுப்பில் எரிந்தன என்றும் கேள்விப்பட்டேன். இப்போது அங்கே தகரக் கொட்டகை இல்லை. ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது, அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை நேரம் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துணியை எடுத்து நீட்டினார். மஞ்சள் துணி. துவைத்து, இஸ்திரி போட்டிருந்தது.

"கொட்டகையில கெடந்துச்சு, தங்கச்சி. உன்னோடது."

எப்போது எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. பெரியவர் காணாமல் போன மறுநாள் விடியலில், போலீஸ் வருவதற்கு முன்பே, இரண்டு குச்சிகளும் என் துணியில் ஒன்றாகக் கட்டிக் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். முடிச்சை அவிழ்த்து, குச்சிகளைத் துளைகளில் செருகிவிட்டு, துணியைப் பையில் வைத்துக்கொண்டார். நானாகவே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார். போலீஸ்காரரிடம் நான் தெரியாது என்றபோது அந்தத் துணி அவர் சட்டைப்பையில் ஈரமாக இருந்திருக்கும்.

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். தேங்க்ஸ்ண்ணே என்றேன். அவர் வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்தினேன்.

அது நடந்து ஐந்து வருஷமாகிறது. என் நான்கு அறைகள் ஆறாகிவிட்டன. போன மாதம் கல்லறைத் திருநாளுக்குச் சாமந்தி வாங்கப் பக்கத்துக் கோலா தெர்லாவுக்குப் போயிருந்தேன். ரோட்டோரம் காய்கறி லோரி ஒன்றில் கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் அவரும் இருந்தார். அதே தொப்பி, பச்சை வெளுத்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அறைகள் எப்படி ஓடுகின்றன, முட்டி வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். அந்தப் பெரியவரின் மகள் வருஷா வருஷம் வந்து ஏரிக்கரையில் பூப் போட்டுவிட்டு, என் வீட்டில்தான் தங்கிப் போகிறாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவரைப் பற்றி அவள் சொல்லும் சொற்களையும் சொல்லவில்லை.

அவர் போகவில்லை.

"என்ன தங்கச்சி, சொல்லு," என்றார்.

லோரியில் கூடைகளைக் கட்டி முடித்துவிட்டார்கள். மற்ற இருவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்து, அண்ணே போலாம்லா என்று கத்தினான். அவர் திரும்பாமலே கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினார். கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. மலையிலிருந்து மூடுபனி ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சாமந்தியைக் கட்டியிருந்த செய்தித்தாள் என் கையில் ஈரமாகிக் கிழிந்தது.

"ஒண்ணும் இல்லண்ணே," என்றேன். "நீங்க கெளம்புங்க. லோரி நிக்கிது."

"நிக்கட்டும். நீ மொதல்ல போ."

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். லோரி உறுமிக்கொண்டிருந்தது. அவர் ரோட்டோரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் போன பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.